குளிர்காலக் கதிர்த்திருப்பம்: திரும்பி வருவது ஒளியா, திசையா?

பதிவு 1 – தேடல்

டிசம்பர் 21, 22ஆம் நாள்களை ஒட்டி, இருள் தோற்றது, ஒளி வென்றது என்னும் பொருள்பட வாழ்த்துச் செய்திகளும் தியான அழைப்புகளும் ஆண்டுதோறும் வந்து குவிகின்றன. அவற்றைக் குறை சொல்வது என் நோக்கமன்று. ஆயினும் ஒரு கேள்வி என்னை விடுவதாக இல்லை. சூரியன் தெற்கு எல்லையை எட்டி வடக்கே திரும்பும் குளிர்காலக் கதிர்த்திருப்பத்தன்று விடியலில் எழுந்து கிழக்கே பார்ப்பவருக்கு முந்தைய நாளுக்கும் அன்றைக்கும் எந்த வேறுபாடும் தெரிவதில்லை, மறுநாளும் தெரிவதில்லை. இலண்டனில் அன்றைய பகல் எட்டு மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் நான்கு மணி நேரத்தைச் சற்றே தாண்டும். அங்கே வாழ்பவர் ஒளிக்காக ஏங்குவதும், அது மீளும் நாளைப் புனிதமாகக் கருதுவதும் இயல்பு. நிலநடுக்கோட்டுக்கு 13 பாகை வடக்கே வந்தால், ஆண்டின் மிகக் குறுகிய பகல்கூடச் சுமார் 11 மணி 20 நிமிடம் நீள்கிறது. மிக நீண்ட பகலுக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான். இருள் பெரிதாகச் சூழாத நிலப்பகுதியில் வாழ்பவர், ஒளி திரும்புவதை எந்த அனுபவத்தின் பேரில் கொண்டாடுகிறார்? அது இரவல் உணர்வா, அல்லது ஒளியின் அளவைச் சாராத வேறொரு பொருள் இந்த நாளுக்கு உண்டா?

வானியல் அறிந்தவர்களும் நூலறிந்தவர்களும் விரிவாக எழுதினால் மகிழ்வேன். வாழ்த்துப் படங்களை இந்த இழையில் இட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பதிவு 2 – நிழற்கோல்

தேடல் அவர்களின் ஐயம் வானியல் அளவில் சரியானது. அவர் நினைப்பதைவிட நிலைமை இன்னும் சிக்கலானது என்பேன். பகலின் நீளம் மிகக் குறைவது கதிர்த்திருப்ப நாளில்தான். ஆனால் சூரியன் மிகத் தாமதமாக உதிக்கும் நாள் அதுவன்று. 40 பாகை வடக்கே அந்த நாள் ஜனவரி முதல் வாரத்தில் வருகிறது. வெப்பமண்டலத்தில் 10 முதல் 13 பாகை வடக்கே உள்ளவர்களுக்கோ ஜனவரியின் பிற்பகுதி வரை உதயம் தள்ளிக்கொண்டே போகிறது. அங்கே மாலைப் பொழுது மட்டும், யாரும் வாழ்த்துச் சொல்லாமலேயே, நவம்பர் முடிவதற்குள் நீளத் தொடங்கிவிடுகிறது. பூமியின் அச்சுச் சாய்வும், ஜனவரி தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வந்து விரைவாக நகர்வதும் சேர்ந்து, டிசம்பர் இறுதியில் ஒரு நண்பகலுக்கும் அடுத்த நண்பகலுக்கும் இடையே 24 மணி நேரத்துக்கு மேல் சுமார் அரை நிமிடம் கூடுதலாக ஆவதே இதற்குக் காரணம். ஆகவே "நாளை முதல் விரைவில் விடியும்" என்று நம்பிக் காத்திருப்பவர் ஏமாந்துதான் போவார்.

திருப்பத்தைக் கண்ணால் காண ஓர் எளிய வழி, நண்பகல் நிழலை அளப்பது. 11 பாகை வடக்கே, ஒரு மீட்டர் உயரமுள்ள கோலைச் செங்குத்தாக நட்டால், கதிர்த்திருப்ப நாளின் நண்பகலில் அதன் நிழல் வடக்கு நோக்கி ஏறக்குறைய 69 சென்டிமீட்டர் நீளும். மூன்று நாள் கழித்து அளந்தால் வேறுபாடு ஒரு மில்லிமீட்டர் அளவே இருக்கும். ஒரு வாரம் கழித்து ஐந்து மில்லிமீட்டர். இதில் இன்னொரு தொல்லையும் உண்டு. சூரியன் ஒரு புள்ளி அன்று. வானில் அரைப் பாகை அகலமுள்ள வட்டு. அதனால் நிழலின் நுனி கூர்மையாக முடிவதில்லை. கருமை மெல்ல மெல்லச் சாம்பல் நிறமாகி வெயிலில் கரைந்துபோகும் ஒரு விளிம்பு, ஒரு சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட அகலத்தில் இருக்கிறது. முதல் ஒரு வாரத்தின் மாற்றம் முழுவதும் அந்த மங்கலான விளிம்புக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. இரண்டு வாரம் ஆன பிறகே, நிழல் குறைந்திருக்கிறது என்று ஐயத்துக்கு இடமின்றிச் சொல்ல முடியும். பகலும் இரவும் சமமாகும் மார்ச் மாதச் சமநாளில் இதே சூரியன் ஒரு நாளில் ஏறக்குறைய தன் வட்டின் அகலத்தில் முக்கால் பங்கு தூரம் வடக்கே நகர்ந்துவிடுகிறது. டிசம்பரில் அதே தூரத்தைக் கடக்க ஒரு வாரத்துக்கும் மேல் வேண்டியிருக்கிறது.

இதற்கு ஆன்மிகப் பொருள் என்ன என்பதைப் பிறர் சொல்லட்டும். என் தரப்பில் ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும். அந்த நாளில் மாறுவது திசை. அளவில் மாற்றம் என்று ஒன்று ஏறக்குறைய இல்லவே இல்லை.

பதிவு 3 – ஏட்டுச்சுவடி

நிழற்கோல் இறுதியாகச் சொன்ன கருத்து, ஏறக்குறைய அதே வடிவில், 1150ஆம் ஆண்டளவில் இரண்டாம் பாஸ்கரர் இயற்றிய சித்தாந்த சிரோமணி என்னும் வானியல் நூலில் இடம்பெற்றிருப்பதை இங்கே குறிப்பிட வேண்டும்.

சிக்கல் இதுதான். மனிதரின் ஓர் ஆண்டு தேவர்களுக்கு ஒரு நாள் என்றும், சூரியன் வடக்கு நோக்கிச் செல்லும் உத்தராயணம் அவர்களுக்குப் பகல், தெற்கு நோக்கிச் செல்லும் தட்சிணாயனம் அவர்களுக்கு இரவு என்றும் மனு முதலிய நூல்கள் கூறுகின்றன. வானியலாரோ தேவர்களின் இருப்பிடமாகிய மேருவை வடதுருவத்தில் வைத்துக் கணக்கிட்டார்கள். வடதுருவத்தில் சூரியன் உதிப்பது மார்ச் மாதச் சமநாளில். டிசம்பர் கதிர்த்திருப்பத்தின்போது அங்கே நடு இரவு. அப்படியிருக்க, நடு இரவைப் பகலின் தொடக்கம் என்று நூல்கள் சொல்வது எவ்வாறு பொருந்தும்? இந்த முரண்பாட்டை மறைக்காமல் எடுத்துக்கொண்ட இரண்டாம் பாஸ்கரர் தரும் விடை சுருக்கமானது. சூரியன் பகலை நோக்கித் திரும்பிவிட்டால், அதைப் பகல் என்றே கொள்வது மரபு. பலன் சொல்வதற்காக அவ்வாறு கொள்ளப்பட்டது. இதற்கு மேல் அவர் நீட்டவில்லை.

என் வாசிப்பில் இந்த விவாதத்துக்கான விடை இதுதான். துருவத்தில் நிற்பவருக்கு டிசம்பர் 22 அன்று ஒரு துளி ஒளியும் இல்லை. இன்னும் மூன்று மாதம் கழித்தே உதயம். ஆயினும் அதைப் பகல் என்று எண்ணுவதற்கு நூலோர் கொண்ட அளவுகோல் வெளிச்சம் அன்று, முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது. வெப்பமண்டலத்தில் இருள் குறைவு, ஆகவே கொண்டாட்டம் இரவல் என்னும் வாதம், ஒளியின் அளவையே பொருளாகக் கொள்வதால் எழுவது. திசையைப் பொருளாகக் கொண்டால் 13 பாகையில் நிற்பவருக்கும் 64 பாகையில் நிற்பவருக்கும் அந்த நொடி ஒன்றே.

பதிவு 4 – ஐயவாதி

மூன்று பதிவுகளையும் மதிப்புடன் படித்தேன். உடன்பட இயலவில்லை.

தன் சுற்றுப்பாதைத் தளத்தின் செங்குத்துக் கோட்டிலிருந்து 23.4 பாகை சாய்ந்த அச்சுடன் ஒரு கோள் சுற்றுகிறது. சுற்றில் ஒரு புள்ளி வருகிறது. அதைக் கடந்து போகிறது. அந்தக் கோளுக்கும் நமக்கும் இடையே நடக்கும் உரையாடல் எதுவும் அதில் இல்லை. திசை என்று நீங்கள் சொல்வதும் பார்ப்பவரின் இடத்தைப் பொறுத்ததே. மேலும், அந்த நாளுக்குத் தனி ஆற்றல் உண்டு என்றால் அது எந்த நாள்? கணிதப்படி திருப்பம் டிசம்பர் 21 அல்லது 22. பஞ்சாங்கப்படி மகர சங்கராந்தி ஜனவரி 14 அல்லது 15. இடைவெளி ஏறக்குறைய 24 நாள். நீங்கள் உத்தராயணத்தின் முதல் நாள் என்று எண்ணித் தியானம் செய்யும் நாளில், நிழற்கோலின் கணக்குப்படி நிழல் ஏற்கெனவே பல சென்டிமீட்டர் குறைந்திருக்கும். பிழையான நாளில் செய்தாலும் அதே மனநிறைவு கிடைக்கிறது என்றால், பொருள் நாளில் இல்லை என்பதுதானே முடிவு?

பதிவு 5 – ஏட்டுச்சுவடி

ஐயவாதிக்கு: 24 நாள் இடைவெளி நமக்குத்தான் புதிது, நூலோர்க்குப் புதிதன்று. வேதாங்க சோதிடம் என்னும் பழைய வானியல் நூலில் உத்தராயணத்தின் தொடக்கம் அவிட்டத்தின் தொடக்கத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வானியலாளர் வராகமிகிரர், தம் நூலாகிய பிருகத் சம்ஹிதையின் மூன்றாம் அத்தியாயத்தில், முன்னோர் நூல்களில் தென்திசைத் திருப்பம் ஆயிலியத்தின் பாதியிலும் வடதிசைத் திருப்பம் அவிட்டத்தின் தொடக்கத்திலும் சொல்லப்பட்டிருப்பதால் ஒரு காலத்தில் அது அவ்வாறே இருந்திருக்க வேண்டும் என்றும், தம் காலத்தில் கடகத் தொடக்கத்திலும் மகரத் தொடக்கத்திலும் நிகழ்கிறது என்றும் எழுதுகிறார். இவற்றில் மாறுபாடு தோன்றினால் நேரில் கண்டு தெளிந்துகொள்க என்பது அவர் கூற்று. தொலைவில் ஓர் அடையாளம் வைத்துச் சூரியன் உதிக்கும், மறையும் இடங்களைக் குறித்துவைப்பது, தரையில் பெரிய வட்டம் வரைந்து கோலின் நிழல் அதற்குள் நுழையும் இடத்தையும் வெளியேறும் இடத்தையும் குறிப்பது என்று வழிமுறையும் தருகிறார். பூமியின் அச்சு மிக மெதுவாகத் தள்ளாடுவதால், விண்மீன்களை அடிப்படையாகக் கொண்ட நாள்காட்டியும் பருவமும் சுமார் 71 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் விலகுகின்றன. அவர் காலத்துக்குப் பின் நாம் முற்றத்தில் கோல் நடுவதை நிறுத்திவிட்டோம். ஏட்டைப் பார்ப்பதோடு நின்றுவிட்டோம். அது நம் சோம்பல். மரபின் மேல் ஏற்ற வேண்டிய குற்றம் அன்று.

நாளில் பொருள் இல்லை என்ற உங்கள் முடிவுக்குத் தனியே விடை எழுதுகிறேன். அது உண்மையிலேயே கனமான கேள்வி.

பதிவு 6 – அகவிளக்கு

அதற்குள் வேறு நிலங்களின் சான்றுகளைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். அயர்லாந்தின் பாய்ன் பள்ளத்தாக்கில், கி.மு. 3200 அளவில் கட்டப்பட்ட நியூகிரேஞ்ச் என்னும் கல்மேடு இருக்கிறது. அதன் வாயிலுக்கு மேல் சிறு திறப்பு ஒன்றைத் தனியே அமைத்திருக்கிறார்கள். குளிர்காலக் கதிர்த்திருப்பத்தை ஒட்டிய சில நாள்களில் மட்டும், உதயத்துக்குச் சில நிமிடங்களுக்குப் பின், சூரியக் கதிர் அந்தத் திறப்பின் வழியே நுழைந்து, 19 மீட்டர் நீளமுள்ள குறுகிய கல்வழியின் தரையில் ஊர்ந்து, உள்ளறையை அடைந்து, 17 நிமிடம் அளவில் நின்று மறைகிறது. 1967ஆம் ஆண்டு டிசம்பர் 21 அன்று அகழ்வாய்வாளர் மைக்கேல் ஓகெல்லி உள்ளே தனியே நின்று அதைக் கண்டார்.

அந்த அறையில் கிடைத்தவை இறந்தோரின் எலும்புகளும் எரிந்த எச்சங்களும். ஆண்டில் ஒரு சில நாள்கள் மட்டும் வரும் அந்த 17 நிமிட ஒளியை, வெளியே குளிரில் நின்ற உயிருள்ளவர்களுக்காகக் கட்டியவர்கள் அமைக்கவில்லை. அதைப் பெற்றவர்கள் மாண்டோர். அங்கே வானம் பெரும்பாலும் மூட்டம் என்பதால், பல ஆண்டுகளில் கதிர் நுழையவே நுழையாது. அது தெரிந்தும் பல டன் எடையுள்ள கற்களை அந்தத் திசைக்கு நேராக நிறுத்தினார்கள். ஒளி வரும் என்ற உத்தரவாதம் அவர்களிடம் இல்லை. வந்தால் நுழைய வழி இருக்கட்டும் என்று திசையை மட்டும் சரிசெய்து வைத்தார்கள். ஏட்டுச்சுவடி சொன்ன கருத்துக்கு இதைவிட உறுதியான சான்று வேண்டுமா என்று தோன்றுகிறது.

சீனத்தின் பழைய குறிநூலாகிய யீ சிங்கில் மீட்சியைக் குறிக்கும் 24ஆவது குறியில் ஆறு கோடுகள் உண்டு. மேல் ஐந்தும் இருளின் முறிந்த கோடுகள். அடியில் ஒன்றே ஒன்று ஒளியின் முழுக் கோடு. அதன் உரைப்பகுதி, கதிர்த்திருப்ப நாளில் முன்னைய மன்னர் எல்லை வாயில்களை மூடினர், வணிகரும் வழிப்போக்கரும் செல்லவில்லை, அரசரும் நாட்டைச் சுற்றிவரவில்லை என்கிறது. நாம் ஒளி திரும்பியது என்று ஆரவாரிக்கிறோம். அவர்களோ கருவுற்றவளைக் காப்பது போல அந்த ஒற்றைக் கோட்டைக் காக்கக் கதவை மூடிவிட்டு அமைதியாக இருக்கச் சொல்கிறார்கள். எனக்கு இரண்டாவதே உகந்ததாகப் படுகிறது.

பதிவு 7 – தென்துருவன்

நான் தென்னரைக்கோளத்தில் வாழ்பவன். டிசம்பர் 21 எங்களுக்கு ஆண்டின் மிக நீண்ட பகல்; மறுநாள் முதல் ஒளி தேயத் தொடங்குகிறது. வடக்கே உள்ள உறவினர்கள் ஒளி பெருகட்டும் என்று வாழ்த்தும்போது என்ன விடை எழுதுவது என்றே தெரிவதில்லை. எங்கள் திருப்பம் ஜூன் 21ஆம் நாளை ஒட்டி வருகிறது. தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலை மக்களின் இந்தி ராய்மி என்னும் சூரிய விழா ஜூன் 24 அன்று பெரு நாட்டின் குஸ்கோவில் நிகழ்கிறது. நியூசிலாந்தின் மாவோரி மக்களோ சூரியனைப் பார்ப்பதில்லை. நடுக்குளிரின் விடியலில் கார்த்திகை விண்மீன் கூட்டம் மீண்டும் தோன்றுவதைப் பார்த்து, அந்த ஆண்டு மறைந்தவர்களின் பெயர்களைச் சொல்லி நினைவுகூர்கிறார்கள். மாத்தாரிக்கி எனப்படும் அந்நாள் 2022 முதல் அரசு விடுமுறை. அகவிளக்கு சொன்ன நியூகிரேஞ்சும் இதுவும் ஏதோ ஓர் இடத்தில் சந்திக்கின்றன. இரண்டிலும் மாண்டோரே முதலில் நினைக்கப்படுகிறார்கள்.

ஆனால் என் கேள்வி வேறு. சூரியன் வடக்கு நோக்குவதே உயர்வு என்றால் தெற்கே வாழ்பவர் எந்நாளும் மாற்றாந்தாய் மக்களா?

பதிவு 8 – நிழற்கோல்

சுருக்கமாக ஒரு தகவல். பூமியில் பாதிப் பரப்பு எப்போதும் வெளிச்சத்தில் இருக்கிறது. கதிர்த்திருப்பத்தால் அந்தப் பாதி குறைவதும் இல்லை, கூடுவதும் இல்லை. சொல்லப்போனால், பூமி மொத்தமாகப் பெறும் சூரிய ஒளி ஜனவரி தொடக்கத்தில்தான் ஆண்டிலேயே மிகுதி. சூரியனுக்கு அருகில் இருப்பதால், ஜூலையைவிடச் சுமார் 7 விழுக்காடு கூடுதல். வடக்கே மக்கள் ஒளி போய்விட்டது என்று வருந்தும் நாள்களில் கோளின் மீது ஒளி பெருகிக்கொண்டிருக்கிறது. அவர்கள் நிற்கும் பக்கம் சாய்ந்திருக்கிறது, அவ்வளவே.

பதிவு 9 – அகவிளக்கு

நிழற்கோல் எழுதிய கடைசி இரண்டு தொடர்களுக்கு மேல் ஆன்மிக விளக்கம் தேவையில்லை. ஒளி எங்கும் போகவில்லை, சாய்ந்திருப்பது நாம். ஒளி திரும்புவதில்லை, நாம் திரும்புகிறோம்.

பதிவு 10 – தேடல்

அகவிளக்கு அவர்களே, சொல்ல அழகாக இருக்கிறது. அந்த அழகுதான் எனக்கு அச்சம் தருகிறது. துயரத்தில் இருப்பவரிடம் "ஒளி எங்கும் போகவில்லை, நீர்தான் சாய்ந்திருக்கிறீர்" என்று சொன்னால், அவர் துன்பத்துக்கு அவரையே பொறுப்பாக்கியது போல ஆகாதா? அச்சின் சாய்வைப் பூமி தேர்ந்துகொள்ளவில்லை. மனிதரின் இருளிலும் பெரும்பகுதி அவர் தேர்ந்துகொண்டதன்று. மேலும், வடக்கே மிகக் கடுமையான குளிர் வருவது கதிர்த்திருப்பத்துக்குப் பின்னரே. நிலமும் கடலும் சேர்த்து வைத்திருந்த வெப்பம், கிடைப்பதைவிட வேகமாகப் பல வாரம் வெளியேறிக்கொண்டே இருப்பதால் ஜனவரி டிசம்பரைவிடக் கொடியது. திசை மாறிய பிறகும் நிலைமை மோசமாகிக்கொண்டே போகும் ஒரு காலம் உண்டு என்பதை எந்த வாழ்த்துச் செய்தியும் சொல்வதில்லை.

பதிவு 11 – மென்மழை

இந்த இழையைப் படிப்பதோடு நிற்க எண்ணியிருந்தேன். பதிவு 10 எழுத வைத்துவிட்டது. நிலநடுக்கோட்டிலிருந்து வெகுதொலைவிலுள்ள உயர் அகலாங்கில் பல குளிர்காலம் கழித்தவள் நான். பகல் குறையும் பருவத்தில் வரும் மனச்சோர்வு 1984இல் நார்மன் ரோசெந்தாலும் அவருடன் பணியாற்றியவர்களும் மருத்துவ நோக்கில் விவரித்த ஒரு நிலை. காலையில் 10,000 லக்ஸ் (ஒளிச்செறிவின் அலகு) அளவுள்ள ஒளிப்பெட்டியின் முன் அமர்வதும், தேவையெனில் மருந்தும் உளச் சிகிச்சையும் அதற்குத் தரப்படுகின்றன. அந்நிலையில் இருப்பவரைத் தியானத்துக்கு அழைக்கும் முன் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

அது ஒருபுறம் இருக்க, தேடல் எழுதியதில் ஒன்றை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். மனச்சோர்வு மெல்லத் தேறும் காலத்தில் எனக்கு மிகவும் உதவியது, நன்றாகிவிடும் என்ற சொல் அன்று. "திரும்பியாயிற்று; இன்னும் சில வாரம் உனக்கு எதுவும் தெரியாது" என்று சிகிச்சை தந்தவர் சொன்னதுதான். எதையும் உணராமல் இருப்பது தோல்வியின் அறிகுறி அன்று என்று அப்போது விளங்கியது. நிழற்கோல் சொன்ன மங்கலான விளிம்பைப் பற்றிப் படித்தபோது, அந்த வாரங்களைத்தான் நினைத்தேன்.

பதிவு 12 – ஏட்டுச்சுவடி

ஐயவாதிக்கும் தென்துருவனுக்கும் தர வேண்டிய விடையை இப்போது சேர்த்தே எழுதுகிறேன்.

நாளில் பொருள் உண்டு என்பவர் வழக்கமாகக் காட்டும் சான்று பீஷ்மர். பத்தாம் நாள் போரில் வீழ்ந்தவர், விரும்பிய போது இறக்கும் வரம் பெற்றிருந்ததால், சூரியன் வடக்கே திரும்பும் வரை அம்புப் படுக்கையில் 58 இரவு கிடந்ததாக மகாபாரதம் சொல்கிறது. பலரும் இதை, நல்ல நாளில் இறந்தால் நற்கதி என்று படிக்கிறார்கள். வேதாந்தத்தின் அடிப்படை நூல்களுள் ஒன்றான பிரம்ம சூத்திரமோ (4.2.20) தட்சிணாயனத்தில் இறந்தாலும் ஞானி ஞானத்தின் பயனை அடைவார் என்று வெளிப்படையாகக் கூறுகிறது. அதற்கு உரை எழுதும் சங்கரர், பீஷ்மர் காத்திருந்தது சான்றோர் வழக்கத்தைப் போற்றவும், தந்தையின் அருளால் பெற்ற வரத்தைக் காட்டவுமே என்கிறார். காலம் முக்தியைத் தருவதில்லை. ஆகவே, ஐயவாதி அவர்களே, நாளுக்குத் தனி ஆற்றல் இல்லை என்ற உங்கள் முடிவு மரபுக்கு எதிரானதன்று. அது மரபின் ஒரு வலுவான தரப்பு.

எனினும் அந்த 58 இரவுகளில் பீஷ்மர் சும்மா கிடக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சாந்தி பருவம், அனுசாசன பருவம் என்னும் பெரும் பகுதிகள் இரண்டிலும் பெரும்பாலும் இடம்பெறும், அரசநீதியும் கொடையும் வீடுபேறும் குறித்த உரையாடல்கள் அந்தப் படுக்கையில் இருந்தபடி தருமனுக்குச் சொல்லப்பட்டவையே. சூரியன் இன்னும் திரும்பாத காலமே கற்பித்தலின் காலமாக இருந்தது. திரும்பிய பின் அவர் நெடுநேரம் பேசவில்லை.

தென்துருவன் கேட்டதற்கு: தெற்கு தாழ்வானது என்று சாந்தோக்கிய உபநிடதம் கூறவில்லை. அதன் ஐந்தாம் அத்தியாயம் இரு வழிகளைச் சொல்கிறது. தவத்தையும் நம்பிக்கையையும் பற்றியவர் சுடர், பகல், வளர்பிறை, வடதிசை ஆறு மாதம் என்று சென்று மீளாத நிலையை அடைகிறார்கள். வேள்வியும் பொதுநலப் பணியும் கொடையும் செய்து வாழ்ந்தவர் புகை, இரவு, தேய்பிறை, தென்திசை ஆறு மாதம் என்று சென்று நிலவை அடைந்து, வினைப்பயன் தீர்ந்ததும் மழையாகவும் பயிராகவும் மீண்டும் இங்கே வருகிறார்கள். தென்வழி தீயோர் வழி அன்று. பிறர்க்கு ஈந்தவர்களின் வழி.

இங்கே ஒரு முரணையும் சுட்ட வேண்டும். ஒளி திரும்பி வருகிறது என்று நாம் மீட்சியைக் கொண்டாடுகிறோம். உபநிடதத்திலோ மீண்டு வருவது தென்வழியின் இயல்பு. வடவழியின் சிறப்பே மீளாமை. அந்நூலின் கண்ணோட்டத்தில், ஒளி திரும்புவதைக் கண்டு மகிழ்ந்துவிட்டு நின்றுவிடுபவர், சுழற்சியைத்தான் வாழ்த்துகிறார்.

பதிவு 13 – ஐயவாதி

சங்கரர் என் பக்கம் நிற்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை, ஏட்டுச்சுவடிக்கு நன்றி. ஆனால் அவர் கடைசியாகச் சொன்ன முரணே என் அடுத்த கேள்வியைத் தருகிறது. ஜூன் 21 அன்று சூரியன் தெற்கே திரும்பிவிடுகிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை மனம் மாறும் ஒன்றை, மீளாத நிலைக்கு அடையாளமாகக் கொள்வது எப்படி? திசைதான் பொருள் என்று இந்த இழையில் பலரும் ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள். நிலைக்காத திசைக்கு என்ன பொருள்?

மென்மழை எழுதியதை மட்டும் நான் மறுக்கவில்லை. அது கோளைப் பற்றிய கூற்று அன்று. தேறுவதில் காலதாமதம் உண்டு என்னும், யாரும் சரிபார்க்கக்கூடிய உண்மை. அந்த அளவில் கதிர்த்திருப்பம் நல்ல எடுத்துக்காட்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். எடுத்துக்காட்டுக்கு மேல் அது வேறெதுவும் இல்லை என்பது என் நிலை.

பதிவு 14 – அகவிளக்கு

நிலைக்காத திசை பற்றிய கேள்வி கிறித்தவ இறையியலாளர் அகஸ்டின் காலத்திலும் இருந்திருக்கிறது என்றே எண்ணுகிறேன். கிறித்துப் பிறப்பு விழா உரை ஒன்றில் அவர், மிகக் குறுகிய பகலும் ஒளி வளரத் தொடங்கும் நாளும் ஆனதைக் கிறித்து தம் பிறப்புக்குத் தேர்ந்தார் என்கிறார். திருமுழுக்கு யோவானின் பிறப்பு நாள் ஜூன் 24, அதாவது பகல் தேயத் தொடங்கும் காலம். "அவர் வளர வேண்டும், நான் குறைய வேண்டும்" என்னும் யோவான் நற்செய்தி வரியோடு இவ்விரண்டையும் இணைத்துப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் ஜூன் திருப்பம் தோல்வி அன்று. குறைவதும் ஒரு கடமை. டிசம்பரில் வளர்வதைக் கற்றவர், ஜூனில் விலகி வழிவிடுவதைக் கற்கிறார். ஆறு மாதப் பாடம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவதுதான் நம் வாழ்த்துச் செய்திகளின் குறை என்பேன்.

பதிவு 15 – தேடல்

நான் கேட்ட கேள்விக்கு எனக்கு விடை கிடைத்துவிட்டது. கொண்டாட்டம் இரவல் இல்லை. ஒளியின் அளவை வைத்து அதைக் கொண்டாடுவதுதான் இரவல். இனி அந்த நாளில் வாழ்த்து அனுப்புவதற்குப் பதில், யீ சிங் சொல்வது போல, பயணத்தையும் வணிகத்தையும் நிறுத்திவிட்டு அமைதியாக இருக்க எண்ணுகிறேன். ஐயவாதியின் ஜூன் கேள்வி மட்டும் எஞ்சியிருக்கிறது. அகவிளக்கு தந்த விடை கிறித்தவ மரபுக்குள் நிறைவானது. மீளாமை பேசும் மரபுக்குள் அது போதுமா என்பதை ஏட்டுச்சுவடிதான் சொல்ல வேண்டும்.

பதிவு 16 – ஏட்டுச்சுவடி

போதாது. உபநிடதங்களைப் பின்பற்றுவோர் இந்தச் சிக்கலை உணர்ந்திருந்தார்கள். பகல், வளர்பிறை, ஆறு மாதம் என்பவை காலப் பகுதிகளாயின், அவற்றின் வழியே ஒருவர் செல்வது எப்படி என்ற கேள்விக்கு, பிரம்ம சூத்திரம் (4.3.4) அவை காலங்கள் அல்ல, அந்தப் பெயர்களைத் தாங்கி உயிரை வழிநடத்தும் தெய்வங்கள் என்று விடை தருகிறது. வழிகாட்டி தன் எல்லை வரை கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பிப் போவார். வழிப்போக்கர் அவருடன் திரும்ப வேண்டியதில்லை. சூரியன் ஜூனில் தெற்கே போவது சூரியனின் வேலை.

சாந்தோக்கியத்தின் மூன்றாம் அத்தியாயம் இதையும் கடந்து செல்கிறது. அதன் 11ஆம் பகுதி, அறிந்தவருக்குச் சூரியன் உதிப்பதும் இல்லை, மறைவதும் இல்லை. நடுவில் தனியே நிற்கிறது. அவருக்கு எப்போதும் பகலே என்கிறது. உதயமும் மறைவும் இல்லாத இடத்தில் வடக்குத் திருப்பம் என்றோ தெற்குத் திருப்பம் என்றோ ஒன்று இருக்க வழியில்லை. ஐயவாதி அவர்கள் கதிர்த்திருப்பம் எடுத்துக்காட்டுக்கு மேல் எதுவுமில்லை என்றார். இந்தப் பகுதியை எழுதியவர் அதை மறுக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். ஆனால் எடுத்துக்காட்டே தேவைப்படாதவர்கள் இந்த இழையில் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

பதிவு 17 – ஐயவாதி

அந்த அளவுக்கு உடன்பாடு. "வழிநடத்தும் தெய்வங்கள்" குறித்து எனக்கு மறுப்பு உண்டு. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.